மூணு சொல்லும் வரை

பிள்ளை என்றால் அசையத்தான் செய்யும்மா. ஓடுகிற பஸ்ஸில் போனை நீட்டிக்கொண்டு ‘இங்க பாரு, இங்க பாரு’ என்றால் எந்தப் பிள்ளை பார்க்கும்? ஆறு படம் எடுத்தீங்க. நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் வருகிறேன். ஆறிலும் தலை ஒரு பக்கம், கை ஒரு பக்கம். என்ன வயசு? மூணு முடியப் போகுதா? என்னிடம் விட்டால் பதினைந்து நாள். பதினாறாம் நாள் நிமிர்ந்து உட்கார்ந்து பல்லைக் காட்டும். பெருமைக்குச் சொல்லவில்லை. இருபது பிள்ளைகளை அப்படிப் பழக்கியவள் நான்.

நீங்கள் எதுவரைக்கும்? சரி. நான் கலெக்டர் ஆபீஸ் ஸ்டாப்பில் இறங்கணும். இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. இந்தப் பையில் இருப்பது மனு. மூன்று பக்கம், என் கையெழுத்து, ஒரு அடித்தல் கிடையாது. படிக்கத் தரமாட்டேன், பஸ்ஸில் படித்தால் தலை சுற்றும். வாயால் சொல்கிறேன். கேட்டுவிட்டு நியாயம் எந்தப் பக்கம் என்று நீங்களே சொல்லுங்க.

என் பேர் தங்கபுஷ்பம். நொச்சிகுளத்தில் அங்கன்வாடி டீச்சர். ஊரில் பால்வாடி டீச்சர் என்பார்கள். இருபத்திரண்டு வருஷம். ஒரு அறை, பின்னால் ஒரு சமையலறை, அவ்வளவுதான் மையம். கூட ஒரு உதவியாளர் உண்டு, முப்பிடாதி என்று. பிள்ளைகளுக்கு அவள்தான் ஆயா. சமைப்பாள், பெருக்குவாள், பிள்ளைகளுக்குக் கால் கழுவிவிடுவாள். நல்லவள்தான். வாய் கொஞ்சம் கூட.

இந்த ஜூன் மாசம் ஒரு பெரிய அட்டைப்பெட்டி வந்தது. விளையாட்டுச் சாமான்கள். மரக்கட்டைகள், சொப்புகள், ஒரு டாக்டர் செட், கையில் மாட்டிக்கொள்கிற பாவைகள், கோர்க்கிற மணிகள். கூடவே ஒரு தாள். அறையை ஐந்து மூலைகளாகப் பிரித்துச் சாமான்களை வைக்க வேண்டும், பிள்ளைகள் தாங்களே கற்பனை செய்து விளையாட வேண்டும் என்று போட்டிருந்தது.

எந்த அறைக்கும் மூலை நாலுதானே? இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டு மேற்பார்வையாளருக்குப் போன் போட்டேன். “நடுவில ஒண்ணு வச்சுக்கோங்க டீச்சர்” என்றார்கள். அதனால் எங்கள் மையத்தில் ஐந்தாவது மூலை நடுவில் இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த வேலைதான். தரையில் கலர் டேப் ஒட்டி ஒவ்வொரு மூலைக்கும் எல்லை போட்டேன். கட்டைகளை உயரவாரியாக நிறுத்தினேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, கட்டுமான மூலை, வீட்டு மூலை, மருத்துவர் மூலை, பாவை மூலை, மணி மூலை என்று எழுதி ஒட்டினேன்.

“பிள்ளைகளுக்குப் படிக்கத் தெரியாதே டீச்சர்” என்றாள் முப்பிடாதி.

“படிக்கத் தெரிந்தவர்கள் வந்தால் பார்ப்பார்கள்” என்றேன்.

தாளில் கடைசியாக ஒரு வரி இருந்தது. அதுதான் முக்கியம். தினமும் பதினோரு மணிக்குள், மூலைக்கு ஒரு படமாக, பிள்ளைகள் விளையாடும் ஐந்து படங்களை வாட்ஸப் குரூப்பில் போட வேண்டும். குரூப்பில் நாற்பது மையம். நாற்பது டீச்சரும் பார்ப்பார்கள்.

முதல் நாள் நானும் தாளில் போட்டிருந்தபடியே பிள்ளைகளை விட்டேன். விட்டதுதான் தப்பு. ஒரு படத்தில் முதுகு. ஒன்றில் யாருடைய கால் என்றே தெரியவில்லை. மருத்துவர் மூலைப் படத்தில் டாக்டரே இல்லை. ஊசியை எடுத்துக்கொண்டு நோயாளியைத் துரத்திப் போய்விட்டான். போட்டேன். ‘படம் தெளிவாக இல்லை’ என்று பதில் வந்தது. அதற்கு நேர் கீழே வடக்குத் தெரு மையத்துச் சொர்ணலதா போட்ட படம். நாலு பிள்ளை, நாலு கட்டை, நாலு சிரிப்பு. அதற்குப் பதினேழு கைதட்டல் பொம்மை.

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாளே ஆரம்பித்தேன். அடித்தேன் என்று நினைக்காதீங்க, என் சர்வீஸில் ஒரு பிள்ளையைத் தொட்டதில்லை. எல்லாம் பொறுமைதான். ‘விளையாடுங்க’ என்றால் அவரவர் மூலைக்குப் போக வேண்டும். டேப்புக்கு உள்ளே உட்கார வேண்டும். ஒரு சாமானை எடுத்து நெஞ்சுக்கு நேரே பிடிக்க வேண்டும். என்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். நான் ஒண்ணு, ரெண்டு, மூணு சொல்வேன். மூணில் படம். மூணு காதில் விழுந்ததும் சாமானை எடுத்த இடத்தில் வைத்துவிட்டுப் பாய்க்கு வந்துவிட வேண்டும். முதலில் உட்காருவதை மட்டும் இரண்டு நாள் பழக்கினேன். அப்புறம் பிடிப்பது. சிரிப்புக்குத்தான் ஒரு வாரம் ஆனது. சில பிள்ளைகளுக்குச் சிரி என்றால் அழுகை வருகிறது, என்ன செய்வது?

ஜூலையில் எல்லாம் சரியாகிவிட்டது. ஐந்து மூலைக்கும் சேர்த்து ஒன்பது நிமிஷம். அதற்குப் பிறகு பாட்டு, கதை, சாப்பாடு, தூக்கம். மூன்று மாதத்தில் ஒரு மணி தொலையவில்லை. சொப்பில் ஒரு கீறல் இல்லை. சொர்ணலதாவே தனியாகக் கேட்டாள், ‘எப்படிக்கா இவ்வளவு தெளிவா எடுக்கீங்க’ என்று. பழக்கம்தான் என்றேன்.

ஒரே ஒரு பிள்ளைதான் கட்டுப்படவில்லை. சஞ்சனா. நாலு வயசு. அவள் அம்மா பஸ் ஸ்டாப்பில் டீக்கடை வைத்திருக்கிறாள். சஞ்சனா ஒரு வருஷமாக மையத்துக்கு வருகிறாள், என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேர் கேட்டால் தரையைப் பார்ப்பாள். வீட்டில் பேசுவாள் என்று அவள் அம்மா சொன்னாள். அம்மாக்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

பேசாததைக்கூட விட்டுவிடலாம். படத்துக்குப் பேச்சு தேவையில்லை. ஆனால் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டாள். வீட்டு மூலையில் உட்கார்த்திச் சொப்பு டம்ளரைக் கொடுத்தால், இன்னொரு டம்ளரையும் எடுத்துக்கொண்டு ஆற்ற ஆரம்பித்துவிடுவாள். ஒரு கை மேலே, ஒரு கை கீழே. அவள் அம்மா கடையில் டீ ஆற்றுவது அப்படியே. ஆற்றிவிட்டுப் பக்கத்துப் பிள்ளையிடம் நீட்டுவாள். அது சிரிப்பதை விட்டுவிட்டு வாயைத் திறக்கும். படம் போச்சு.

அதனால் படம் எடுக்கிற ஒன்பது நிமிஷம் மட்டும் அவளைச் சமையலறைக்கு அனுப்பினேன். முட்டை அவிக்கிற இடத்தில் முப்பிடாதி கூட இருக்கட்டும் என்று. தண்டனை கிடையாது. ஒரு ஏற்பாடு.

ஒரு நாள் படமெல்லாம் போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். சமையலறையில் பேச்சு கேட்டது.

“ஆயா, டீ.”

“சீனி போட்டியாட்டி?”

“ரெண்டு கரண்டி.”

“எனக்குச் சுகருல்லா? கொல்லவா பாக்கே?”

“அப்போ கீழ ஊத்திருதேன். இரிங்க, வேற போட்டுத் தாரேன்.”

எட்டிப் பார்த்தேன். டம்ளர்கூட இல்லை. வெறும் கையை வாயருகே வைத்துக்கொண்டு முப்பிடாதி உறிஞ்சிக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளையின் குரலை அன்றைக்குத்தான் நான் முதலில் கேட்டேன். கொஞ்சம் கரகரவென்று இருந்தது. என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டது.

“வேலை இல்லையா முப்பிடாதி?” என்றேன்.

“முட்டை வேகுது டீச்சர். வேகுற வரைக்கும் ஒரு டீ” என்றாள். வாய் கூட என்று சொன்னேன் அல்லவா.

செப்டம்பரில் ஒரு செய்தி வந்தது. மாவட்டத்தில் ஒரே ஒரு மையத்தை மாதிரி மையமாக எடுக்கப் போகிறார்கள் என்று. எடுத்தால் வாசலில் ஒரு நீல போர்டு வைப்பார்கள். மையத்தின் பேருக்குக் கீழே டீச்சர் பேரும் இருக்குமாம். இருபத்திரண்டு வருஷத்தில் என் பேர் வருகைப் பதிவேட்டைத் தவிர வேறு எங்கேயும் வந்ததில்லைம்மா. ஊர்க்காரர்களில் பாதிப் பேருக்கு என் பேர் தெரியாது. பால்வாடி, அவ்வளவுதான். போர்டுக்கு ஆணி அடிக்கிற இடத்தைப் பென்சிலால் குறித்துக்கூட வைத்துவிட்டேன்.

எங்கள் படங்கள்தான் மாவட்டத்திலேயே தெளிவு என்று சொல்லிச் சென்னையிலிருந்து ஒரு பெரிய மேடம் பார்க்க வந்தார்கள். சின்ன வயசுதான். நாற்காலி போட்டிருந்தேன், உட்காரவில்லை. தரையில் உட்கார்ந்தார்கள். அதுவும் எல்லை டேப் மேலேயே.

“பசங்களா, நீங்க பாட்டுக்கு விளையாடுங்க. நான் சும்மா பாத்துட்டிருக்கேன்” என்றார்கள்.

பத்தொன்பது பிள்ளைகளும் எழுந்தன. தள்ளுமுள்ளு கிடையாது. மூலைக்குப் போயின, உட்கார்ந்தன, சாமானைத் தூக்கின, சிரித்தன. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

மேடமும் சிரித்தார்கள். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே இருந்தன. மேடம் காத்திருந்தார்கள். பிள்ளைகளும் காத்திருந்தன. கட்டுமான மூலையில் கபிலேஷ் என்று ஒரு பயல், அன்றைக்கென்று பெரிய கட்டையை எடுத்துவிட்டான். கை நடுங்குகிறது. ஆனாலும் இறக்கவில்லை பாருங்க. ஒரு பிள்ளைகூட இறக்கவில்லை.

“விளையாடுங்கப்பா” என்றார்கள் மேடம் மறுபடியும்.

இன்னும் கொஞ்சம் பல்லைக் காட்டின.

மேடம் கபிலேஷ் பக்கத்தில் நகர்ந்து போய்க் கேட்டார்கள்: “கண்ணா, இதை வச்சு என்ன பண்ணுவே?”

“புடிச்சிருப்பேன்.”

“அப்புறம்?”

“டீச்சர் மூணு சொன்னதும் வச்சிருவேன்.”

மேடம் என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். கண் கலங்கியிருந்தது. நானும்தான் கலங்கிப்போயிருந்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு அதிகாரி என் வேலையைப் பார்த்துக் கண் கலங்குவது அதுதான் முதல் தடவை.

அந்த நேரம் பார்த்துச் சமையலறைக் கதவு திறந்தது. சஞ்சனா. முட்டை வருகிற அட்டைத் தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வருகிறாள். அதில் ஒன்றுமே இல்லை, வெறும் குழிகள். நேரே மேடத்திடம் போய் நின்றாள்.

“டீ.”

மேடம் ஒரு குழியிலிருந்து எதையோ எடுத்தார்கள்.

“சூடு. ஊதிக் குடிங்க.”

ஊதினார்கள். படித்தவர்கள், சென்னை ஆபீஸர், வெறும் கையை ஊதுகிறார்கள்.

“நல்லா இருக்கே. யார் போட்டது?”

“நாந்தான். எங்கம்மா ஊருக்குப் போயிருக்கா.”

அவள் அம்மா எங்கேயும் போகவில்லை. பஸ் ஸ்டாப்பில் கடையில்தான் இருந்தாள். “பொய் சொல்லுது மேடம்” என்று எடுத்துச் சொன்னேன். மேடம் காதில் வாங்கவில்லை.

“எனக்கு?” என்று ஒரு சத்தம். பார்த்தால் கபிலேஷ். கட்டையைக் கீழே வைத்துவிட்டான். மூணு சொல்லாமலே.

“வரிசையில வாலே” என்றாள் சஞ்சனா.

அவன் வந்தான். அவனுக்குப் பின்னால் இன்னொன்று. அப்புறம் வரிசையே இல்லை. கட்டைகளை அடுக்கி அடுப்பு என்றார்கள். நடு மூலையில் இருந்த மணிகளெல்லாம் சீனி ஆகிவிட்டன. சிங்கப் பாவையைத் திருப்பிப் பிடித்து டீ வடிகட்டினார்கள். டாக்டர் ஊசி போட்டுவிட்டுப் போய் டீ குடித்தான், குடித்துவிட்டு வந்து ஊசி போட்டான். நாலு பிள்ளைகள் பாயைச் சுருட்டி அதன் மேல் ஏறிக்கொண்டு, “வண்டி கெளம்புது, டீ குடிச்சவங்கள்லாம் ஏறுங்க, ஏறுங்க” என்று கூப்பாடு. சொப்பு எங்கே, மணி எங்கே, டேப் எங்கே? மூன்று மாத உழைப்பு, பத்து நிமிஷத்தில்.

மணி பத்தே முக்கால். கடமை என்று ஒன்று இருக்கிறதே, போனை எடுத்தேன்.

“டீச்சர், அதை உள்ள வச்சிடுங்க” என்றார்கள் மேடம்.

வைத்தேன். அன்றைக்குக் குரூப்பில் ‘நொச்சிகுளம்: படம் வரவில்லை’ என்று போட்டார்கள். நாற்பது பேரும் பார்த்தார்கள். சொர்ணலதா ஒரு அழுகிற பொம்மை போட்டாள்.

சாப்பாட்டு நேரம் வரை மேடம் தரையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. எழுந்த பிறகு, “அந்தப் பொண்ணு எப்பவும் இவ்வளவு பேசுவாளா?” என்று கேட்டார்கள். உள்ளதைச் சொன்னேன்: “இல்லை மேடம், அது பேசாத பிள்ளை.”

ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. ஒன்று, நொச்சிகுளம் மையத்தில் மட்டும் மூன்று மாதத்துக்குப் படம் எடுக்கக் கூடாது. இரண்டு, டேப்பை எடுத்துவிட வேண்டும், சாமான்கள் நாள் முழுக்கப் பிள்ளைகள் கைக்கு எட்டும்படி கிடக்க வேண்டும். மூன்று, மாதாந்திரக் கூட்டத்தில் உதவியாளர் முப்பிடாதி வந்து நாற்பது டீச்சர்களிடமும் பேச வேண்டும். போர்டு? அது மூன்று மாதம் கழித்து நேரில் வந்து பார்த்துத்தான் முடிவாகுமாம்.

“நான் என்னத்த டீச்சர் பேச? டீ குடிச்சதயா சொல்ல?” என்றாள் முப்பிடாதி.

“அதைத்தான் கேட்கிறார்கள்” என்றேன்.

அவளும் போய்ப் பேசினாள். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். “பிள்ளை குடுக்கத வாங்கிக்கிடணும், அவ்வளவுதான்” என்றாள். அதைச் சில டீச்சர்கள் நோட்டில் எழுதினார்கள்.

இப்போது சொல்லுங்க. படம் இல்லாமல், பிள்ளைகள் விளையாடினார்கள் என்பதற்கு என்ன சாட்சி? அதுதான் என் மனு. முதல் பக்கம் என் சர்வீஸ். இரண்டாம் பக்கம் நாற்பது மையம் இருக்க எங்களுக்கு மட்டும் ஏன் தடை என்கிற கேள்வி. மூன்றாம் பக்கம் சேதாரம். ஆறு வாரத்தில் கோர்க்கிற மணிகளில் பதினொன்று காணோம். ஒரு சொப்பு டம்ளர் தண்ணீர்த் தொட்டிக்குள் கிடந்தது. சிங்கத்துக்கு ஒரு காது போய்விட்டது. சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கிறது.

போன் பீரோவுக்குள் இருக்கிறது. எனக்கு என்ன வேலை? நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறேன். ஒன்று சொல்லட்டுமா, போனில் பார்த்தபோது இவ்வளவு சின்னப் பிள்ளைகள் என்று தெரியவில்லை.

ஆ, பஸ் ஆபீஸர்ஸ் காலனியைத் தாண்டிவிட்டது. அடுத்தது என் ஸ்டாப். உங்கள் பிள்ளை பாருங்க, பாட்டில் மூடியை என்னிடம் நீட்டுகிறது. வேண்டாம் கண்ணு, நீயே வச்சுக்கோ.

மனுவில் எழுதாதது ஒன்று இருக்கிறது. அந்தச் சஞ்சனா. காலையில் வந்ததும் முட்டைத் தட்டை எடுத்துவிடுவாள். பத்தொன்பது பிள்ளைகளுக்கும் டீ கொடுப்பாள். முப்பிடாதிக்குக் கொடுப்பாள், சீனி இல்லாமல். வாசலில் படுத்திருக்கிற நாய்க்குக் கொடுப்பாள். வாய் ஓயாது. ஊதிக் குடி, சிந்தாதே, டம்ளரைக் குடு கழுவணும் என்று ஒரே பேச்சு. எல்லோரையும் முடித்துக்கொண்டு கடைசியாக என் நாற்காலிக்கு வருவாள்.

வந்ததும் வாய் நின்றுவிடும். நிமிர்ந்து நிற்பாள். தட்டை நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடிப்பாள். கை அசையாது. என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டுவாள். மூன்று மாதம் நான் தலைகீழாக நின்றும் அவளிடம் வராத போஸ்ம்மா. அவ்வளவு சுத்தம். கையில்தான் போன் இல்லை.

“டீச்சருக்கு வேண்டியது இதுதான்னு நெனச்சுக் கொண்டாருதா” என்றாள் முப்பிடாதி.

எனக்கும் ஒரு டீ கொடு என்று கேட்கலாம். இருபத்திரண்டு வருஷ டீச்சர், நாலு வயசுப் பிள்ளையிடம் இல்லாத டீயைக் கேட்பதா? நான் ஒண்ணு என்பேன். ரெண்டு என்பேன். மூணு சொன்னதும் தட்டைத் தாழ்த்திக்கொண்டு முப்பிடாதியிடம் ஓடிவிடுவாள். சமையலறைக்குள் போனதும் மறுபடியும் பேச்சு கேட்கும்.

இதை மனுவில் எந்தப் பத்தியில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

கண்டக்டர், ஆள் இறங்கணும்! அந்தப் பையை இப்படிக் கொடுங்கம்மா. வருகிறேன். நேற்று அவளிடம் ரெண்டு சொன்னதோடு நிறுத்திக்கொண்டேன். தட்டு நடுங்க ஆரம்பித்தது. அவளும் போகவில்லை, நானும் மூணு சொல்லவில்லை.